மினமாட்டா: ஆலைக்கழிவும் கடலோர மக்களின் போராட்டமும்

ஜப்பானின் கியூஷூ தீவில், குமமோட்டோ மாகாணத்தில், சிரானுயி கடலை ஒட்டிய ஊர் மினமாட்டா. இங்கிருந்த சிஸ்ஸோ ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவுநீரைக் கடலில் விட்டது. அந்தக் கடலின் மீனையும் சிப்பியையும் உண்டவர்களைத் தாக்கிய நரம்பு நோய் ‘மினமாட்டா நோய்’ என்று பெயர் பெற்றது.

நோய் வருவதற்கு வெகுகாலம் முன்பே மீனவர்கள் முறையிடத் தொடங்கிவிட்டார்கள். ஆலை 1908இல் வந்தது. மீன்பாடு குறைந்ததால் 1926இலும் 1943இலும் மீனவர் சங்கம் இழப்பீடு கேட்டுப் பெற்றது. இனி எந்தப் புகாரும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையும் அந்தப் பணத்தோடு சேர்ந்தே வந்தது. காசு கொடுத்து வாயை அடைக்கும் இந்த வழக்கம்தான் பின்னாளில் மக்களின் துயரத்தை நீட்டித்தது.

ஆலையில் அசெட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரச சல்பேட் வினையூக்கியாகப் பயன்பட்டது. அந்த வினையில் உண்டான மெத்தில் பாதரசம் கழிவோடு மினமாட்டா விரிகுடாவில் கலந்து, மீனுக்குள் சேர்ந்து, உண்டவர்களின் மூளையை அரித்தது. 1950களில் மீன்கள் செத்து மிதந்தன. மீனவர் வீட்டுப் பூனைகள் வெறிபிடித்தாற்போல் சுழன்று விழுந்து மாண்டன. 1956 ஏப்ரலில், நடக்கவும் பேசவும் தடுமாறிய 5 வயதுச் சிறுமி ஒருத்தியை ஆலையின் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். மே 1 அன்று மருத்துவமனைத் தலைவர் ஹோசோகாவா ஹஜிமே, காரணம் தெரியாத மூளை நோய் பரவுவதாகச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். தொற்றுநோய் என்று அஞ்சி, பாதிக்கப்பட்ட குடும்பங்களை ஊரார் ஒதுக்கினார்கள்.

1958 செப்டம்பரில் ஆலை தன் கழிவு வாய்க்காலை மினமாட்டா ஆற்று முகத்துவாரத்துக்குத் திருப்பியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மீனவர்களும் நோயில் விழுந்தார்கள். காரணம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இருந்தும் வாய்க்கால் அடைக்கப்படவில்லை.

1959ஆம் ஆண்டு இந்த வரலாற்றின் மிகக் கசப்பான ஆண்டு. ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமப் பாதரசமே காரணம் என்று அறிவித்தார்கள். ஹோசோகாவா ஆலையின் கழிவைத் தீனியில் கலந்து பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400ஆம் எண் இடப்பட்டிருந்த அந்தப் பூனை அக்டோபரில் அதே நோய்க்கு ஆளானது. நிர்வாகம் இதை மறைத்துவிட்டது. நவம்பர் 2 அன்று மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து மோதினார்கள். அதே மாதம் அரசின் ஆய்வுக்குழு பாதரசத்தைக் காரணமாகச் சுட்டியது. மறுநாளே அந்தக் குழு கலைக்கப்பட்டது. டிசம்பரில் ஆலை ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பை ஆடம்பரமாகத் திறந்தது. கரிமப் பாதரசத்தை அகற்றுவதற்காக அது அமைக்கப்படவே இல்லை. அந்த மாத இறுதியில் நோயாளிகளோடு ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. இறந்தவருக்கு 3 லட்சம் யென். உயிரோடிருக்கும் பெரியவருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் யென். அதன் பெயர் இழப்பீடு அல்ல, அனுதாபத் தொகை. பின்னாளில் ஆலையின் கழிவே காரணம் என்று உறுதியானாலும் கூடுதலாகக் கேட்கக்கூடாது என்பது அதிலிருந்த நிபந்தனை. உண்மையை அறிந்தவர்கள், அறியாதவர்களிடம் வாங்கிய கையெழுத்து அது.

நச்சுப்பொருள்களை நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்றே அன்றைய மருத்துவம் நம்பியிருந்தது. தாய்க்கு அவ்வளவாக நோய் தெரியாதபோதும், கருவிலேயே பாதிக்கப்பட்டுக் குழந்தைகள் பிறந்தது அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. மருத்துவர் ஹராதா மசசுமி இதை ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர்.

1965இல் நீகாட்டாவில், ஷோவா டென்கோ ஆலையின் கழிவு கலந்த அகானோ ஆற்றங்கரையிலும் இதே நோய் தென்பட்டது. 1968 மே மாதம் சிஸ்ஸோ அசெட்டால்டிஹைடு உற்பத்தியை நிறுத்தியது; செப்டம்பரில்தான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. நோய் பதிவாகி 12 ஆண்டுகள் ஓடியிருந்தன. இஷிமுரே மிச்சிகோவின் நூலும், யூஜின் ஸ்மித்தின் புகைப்படங்களும் இந்த ஊரின் துயரை வெளியுலகுக்குக் கொண்டுசென்றன.

1969இல் நோயாளிகளில் ஒரு பிரிவினர் சிஸ்ஸோ மீது வழக்குத் தொடுத்தார்கள். மரணப் படுக்கையில் இருந்த ஹோசோகாவா 1970இல் பூனைச் சோதனை பற்றிச் சாட்சியம் அளித்தார். அதே ஆண்டு நோயாளிகளும் ஆதரவாளர்களும் சிஸ்ஸோவில் ஆளுக்கொரு பங்கு வாங்கி, வெள்ளை யாத்திரை உடையில் ஒசாகாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்குப் போய், நிர்வாகத் தலைவரை நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள். நீதிமன்றம் 1973 மார்ச் 20 அன்று அனுதாபத் தொகை ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்து, ஒவ்வொருவருக்கும் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் யென் வரை வழங்க உத்தரவிட்டது.

விரிகுடாவின் நஞ்சுச் சேற்றைத் தோண்டி, 58 ஹெக்டேர் நிலமாக நிரப்பும் பணி 1990இல் முடிந்தது. மீன்கள் பாதுகாப்பானவை என்ற அறிவிப்பு 1997இல் வந்தது. மாகாணத்தோடு மத்திய அரசும் பொறுப்பு என உச்ச நீதிமன்றம் சொல்ல 2004 ஆயிற்று. இந்த ஊரின் பெயர் தாங்கிய பாதரச உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்புறுதி செய்தது.

அதிகாரபூர்வமாக நோயாளிகள் என ஏற்கப்படாத பல்லாயிரம் பேரின் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 2023இல் ஒசாகா நீதிமன்றம் 128 பேருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. 2024 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றமோ, சிலருக்கு நோய் இருப்பதை ஏற்றும், காலம் கடந்துவிட்டதாகச் சொல்லி வழக்கைத் தள்ளியது. அதே ஆண்டு மே 1 அன்று நடந்த நினைவு நிகழ்ச்சியை ஒட்டி, நோயாளிகள் சுற்றுச்சூழல் அமைச்சரைச் சந்தித்துப் பேசினார்கள். ஒதுக்கிய 3 நிமிடம் முடிந்ததென்று அதிகாரிகள் அவர்களின் ஒலிவாங்கியை அணைத்தார்கள். கண்டனம் வலுத்ததால், ஒரு வாரம் கழித்து அமைச்சர் மினமாட்டாவுக்குத் திரும்பி வந்து நேரில் மன்னிப்புக் கேட்டார்.