ஒரு மூலக்கூறும் இரு பெயர்களும்: மூளைக் குருதியோட்டச் சிகிச்சையின் வரலாற்றிலிருந்து

மூளைக்குச் செல்லும் நாடி ஒடுங்கிக் குருதியோட்டம் குன்றும்போது புதிய வழியொன்றை அமைத்துக்கொடுக்க இயலுமா என்னும் வினாவுக்கு முதலில் விடை தேடியோர் சத்திரசிகிச்சையாளரே. 1967இல் சூரிச் நகரில் யசார்கில், தலைத்தோலுக்குரிய நாடியொன்றை மண்டையோட்டினூடாகச் செலுத்தி மூளை நாடியோடு இணைத்தார். ஆனால், 1377 நோயாளரை உட்படுத்திய பன்னாட்டு ஆய்வின் முடிவு 1985இல் வெளிவந்தபோது, இவ்விணைப்பு பாரிசவாதத்தைத் தடுப்பதில் மருந்துச் சிகிச்சையை விஞ்சவில்லை என்பது புலனாயிற்று.

குழாயைப் பொருத்துவதற்குப் பதிலாக உடலையே குழாய் வளர்க்கச் செய்யலாம் என்ற கருத்து வேறொரு துறையிலிருந்து வந்தது. புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய குருதிக்கலன்களைத் தானே தூண்டி வளர்க்கின்றது என்றும், அதைத் தடுத்தால் கட்டியை ஒடுக்கலாம் என்றும் 1971இல் பொஸ்ரனைச் சேர்ந்த போக்மன் எழுதினார். வளர்க்கும் சிந்தனை தடுக்கும் சிந்தனையின் வயிற்றிற் பிறந்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

1983இல் செங்கர், துவோராக் முதலியோர் கினிப்பன்றியின் கட்டித் திரவத்திலிருந்து, குருதிக்கலன்களைக் கசியச் செய்யும் புரதமொன்றைப் பிரித்தெடுத்து, அச்செயலையே அதற்குப் பெயராக இட்டனர். 1989இல் கலிபோர்னியாவில் பெராராவும் ஹென்செலும் கலன்களை வளர்க்கும் புரதமொன்றைக் கண்டு, அதனை வளர்ச்சிக் காரணி என்றனர். அவ்வாண்டிலேயே இரண்டும் ஒரே மூலக்கூறு என்பது தெளிவாயிற்று. பிற்பெயர் நிலைத்தது, முற்பெயரை மறந்தோர் பலர். அம்மறதிக்கு மூளை இடங்கொடுக்கவில்லை.

2000ஆம் ஆண்டில் டெற்றோயிற் ஆய்வாளர் வெளியிட்ட எலிச் சோதனைகளை இங்கு நோக்குவோம். நாடி அடைபட்டு ஒரு மணித்தியாலத்தில் இக்காரணியைச் செலுத்தியபோது கலன்கள் கசிந்து மூளைச் சேதம் பெருகிற்று. 48 மணித்தியாலங்களின் பின் செலுத்தியபோதோ புதிய நுண்கலன்கள் தோன்றின. விலங்குகளும் ஓரளவு தேறின. மருந்து ஒன்றே; காலமே வேறு. மற்றொரு வளர்ச்சிக் காரணியை மனிதருக்கு அளித்த ஐரோப்பிய-அவுஸ்திரேலிய ஆய்வு 286 நோயாளரோடு இடைநிறுத்தப்பட்டு 2002இல் வெளிவந்தது. அதிலும் பயன் நிறுவப்படவில்லை. குருதியமுக்கமும் சற்றுத் தாழ்ந்தது; ஓட்டம் குன்றிய மூளைக்கு அது வேண்டாத விளைவு.

இதே காரணியைத் தடுக்கும் பெவசிசுமாப் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பெருவாணிபப் பண்டமாயிற்று. வளர்க்கும் மருந்து பின்தங்கியமைக்கு மூலதனத்தின் நாட்டமே காரணமென முற்போக்கு நண்பர் சிலர் கூறக்கூடும். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும் மேற்கண்ட எலிகளின் சான்றை அக்கூற்று விளக்காது.

யப்பானில் மட்சுஷிமா 1981இல் விவரித்த முறை நம் கவனத்துக்குரியது. மொயமொய நோயுற்ற சிறுவரில் அவர் தலைத்தோல் நாடியை மூளை நாடியோடு தைத்து இணைக்கவில்லை. மூளையின் மேற்பரப்பை ஒட்டிக் கிடத்தி வைத்தார். சில மாதங்களில் அதிலிருந்து நுண்கலன்கள் கிளைத்து, குருதி வேண்டிய இடத்தை நாடிச் சென்றன. இந்நோயாளரின் மூளைத் திரவத்தில் வளர்ச்சிக் காரணி மிகுந்திருப்பதை 1993இல் யப்பானிய ஆய்வாளரே காட்டினர். அங்கே அளவையும் காலத்தையும் வகுப்பவர் மருத்துவர் அல்லர். குருதிக்கு ஏங்கும் மூளையே.