சறுக்கும் அடித்தளமும் உருளும் அடித்தளமும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குளிர் முற்றியதும் மீன்பிடிப்பவர்கள் ஏரியின் மேலேயே குடியேறிவிடுகிறார்கள். உறைந்த பரப்பில் துளையிட்டு, அதன்மேல் குடிலோ கூடாரமோ நிறுத்தி, உள்ளே கணப்பு மூட்டிக்கொண்டு தூண்டில் விடுவது அங்கே தலைமுறைகளாகத் தொடரும் பழக்கம். மீன் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஆகவே குடிலும் இடம்பெயர வேண்டும். இதற்கான அடித்தளத்தைத் தம் கையாலேயே செய்துகொள்பவர்களிடம் இரண்டு வழிகள் வேரூன்றியிருக்கின்றன. ஒன்று, பழைய ஸ்கீகளின் மேல் மரச்சட்டம் பூட்டிய சறுக்குவண்டி; அதை ‘ஸ்மிட்டி ஸ்லெட்’ என்கிறார்கள். மற்றொன்று, ஏற்றி இறக்கத்தக்க சக்கரங்கள் பொருத்திய இரும்புச் சட்டம்.

முதல் பார்வையில் இவை இரண்டும் வெவ்வேறு குலம். ஸ்மிட்டி ஸ்லெட் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை: வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட ஒரு ஜோடி ஸ்கீ, இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டங்கள் சில, கொஞ்சம் ப்ளைவுட், மரையாணிகள். ரம்பமும் துளைக்கருவியும் கைவசம் இருந்தால் போதும். சக்கரச் சட்டமோ கோடை முழுவதையும் கேட்கும்: சதுர இரும்புக் குழாய், வெல்டிங், வீல் ஹப், சக்கரங்களை ஏற்றி இறக்கும் வின்ச், டிரக்கின் பந்துக்கொக்கியில் மாட்ட நீண்ட ஏர்க்கால். முன்னது இரண்டு பேர் தூக்கிவிடக்கூடிய துணிக்கூடாரத்தைச் சுமக்கிறது. பின்னது படுக்கையும் அடுப்பும் கொண்ட, ஒரு டன்னைத் தாண்டும் அறையைச் சுமக்கிறது. எனினும் இரண்டையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தால், ஒரே கேள்விக்கு எழுதப்பட்ட இரண்டு விடைகள் என்பது தெரியவரும். அந்தக் கேள்வி ஓடுவதைப் பற்றியதன்று; நிற்பதைப் பற்றியது.

ஏர்க்காலிலிருந்தே தொடங்கலாம். ஸ்மிட்டி ஸ்லெட்டை வெறும் கயிற்றால் இழுத்துப் போனால், முன்னால் இழுக்கும் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி நின்ற பிறகும் ஸ்லெட் நிற்காது; வழுக்கி வந்து பின்புறத்தில் இடிக்கும். அதனால்தான் விறைப்பான இரும்புத் தண்டு ஒன்றைப் பூட்டுகிறார்கள். சக்கரக் குடிலின் ஏர்க்காலுக்கும் இதே போன்ற கவலைதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் அமர வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் குடில் இடமும் வலமும் அலையத் தொடங்கி, டிரக்கையும் தன்னோடு ஆட்டிவிடும். இழுப்பதற்கென்று நாம் நினைக்கும் உறுப்பு, இரண்டிலுமே அடக்குவதற்காகத்தான் இவ்வளவு கவனமாகச் செய்யப்படுகிறது.

சட்டம் கெடும் விதத்திலும் இந்த ஒற்றுமை உண்டு. காற்று அடித்துக் குவித்த வெண்பனி மேட்டில் ஒரு ஸ்கீ ஏறி மற்றொன்று தாழும்போது, குத்துக்கால்கள் பக்கவாட்டில் சாய்ந்து செங்கோணம் கெடுகிறது. மூலைவிட்டமாக ஒரு சட்டம் அடித்தால் அது நிமிர்ந்து நிற்கும். பனிக்கட்டி விரிசலில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போது இரும்புச் சட்டம் முறுக்கேறி, மேலேயுள்ள குடிலின் கதவு சாத்த முடியாமல் போகிறது. மூலைகளில் முக்கோணத் தகடும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கையும் இருந்தால் முறுக்கு குறையும். மரத்துக்கும் இரும்புக்கும் மருந்து ஒன்றே. ஸ்மிட்டி ஸ்லெட்டில் கூடுதலாக ஒரு நுட்பம் உண்டு. ஸ்கீ நடுவில் சற்று வளைந்து எழும்பியிருக்கும். குத்துக்கால்களை அந்த வளைவின் மேல் பரவலாக நட்டால்தான் அதன் நீளம் முழுவதும் சுமையில் பங்கேற்கும். கீழிருந்து மேலாக மரையாணி முடுக்குபவர்கள், அதன் தலை அடிப்பரப்புக்குள் அமிழ்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். துருத்தி நிற்கும் ஓர் ஆணி அத்தனை சறுக்கலையும் கெடுத்துவிடும்.

இனி, பலரும் தவறாகவே கணிக்கும் இடத்துக்கு வருவோம். ஸ்கீ எடையைப் பரப்புகிறது, சக்கரம் ஒரு புள்ளியில் குத்துகிறது; ஆகவே பனிக்கட்டிக்கு ஸ்கீதான் பாதுகாப்பானது என்று தோன்றும். மேலே படிந்திருக்கும் வெண்பனியைப் பொறுத்தவரை அது உண்மை. பொடிப்பனியில் சக்கரம் புதைந்து, தனக்கு முன்னால் தானே ஒரு மேட்டைத் தள்ளிக்கொண்டு திணறும். ஸ்கீ அதன்மேல் ஏறி மிதந்து போகும். ஆனால் கீழே இருக்கும் பனிக்கட்டிக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. மிதக்கும் பனித்தகடு, பாரம் ஏறிய இடத்தைச் சுற்றிப் பல மீட்டர் தூரத்துக்கு மெல்ல வளைகிறது. வளைந்த தகட்டை அடியிலுள்ள நீர் தாங்குகிறது. அந்த அகன்ற வளைவுக்கு முன்னால் 2 மீட்டர் ஸ்கீயும் ஏறக்குறைய ஒரு புள்ளிதான். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த லோர்ன் கோல்ட் 1971-இல் முன்வைத்த புகழ்பெற்ற சூத்திரம், தாங்கும் பாரத்தைத் தடிமனின் வர்க்கத்தோடு இணைக்கிறது: தடிமன் இருமடங்கானால் தாங்குதிறன் நான்கு மடங்காகும். ஸ்கீயா சக்கரமா என்ற கேள்விக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. நம்மைக் காப்பது அடித்தளத்தின் வடிவமன்று. மேலே ஏற்றியதன் எடையும் கீழேயுள்ள பனிக்கட்டியின் தடிமனும்தான்.

இங்கேதான் இரண்டின் பாதைகள் வெகுவாக விலகுகின்றன. மினசோட்டா இயற்கை வளத் துறை சொல்லும் அளவுகளில், நடந்து செல்ல 4 அங்குலம் தெளிந்த பனிக்கட்டி போதும். ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலம் வேண்டும். சக்கரக் குடிலை இழுத்துச் செல்லும் கனரக டிரக்குக்கோ குறைந்தது 20 அங்குலம், அதாவது ஏறத்தாழ அரை மீட்டர் தேவை. பால்போல் வெளுத்த பனிக்கட்டியானால் ஒவ்வொன்றையும் இருமடங்காக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே ஸ்மிட்டி ஸ்லெட்டுக்குப் பருவம் தொடங்கி வெகுநாள் கழித்தே சக்கரத்துக்குத் தொடங்குகிறது. மில் லாக்ஸ் போன்ற பெரிய ஏரிகளில் விடுதிக்காரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு வெண்பனியை ஒதுக்கிப் பாதை போடுகிறார்கள். பெரும் விரிசல்களின் குறுக்கே பாலமும் வைக்கிறார்கள். சக்கரக் குடில் அந்தப் பாதையை நம்பி வாழ்கிறது. ஸ்லெட் தன் பாதையைத் தானே போட்டுக்கொள்கிறது.

விலகிய பாதைகள் குடில் நின்றதும் மீண்டும் சேர்கின்றன. பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பதற்கு, அதன் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது என்று 1850-இல் மைக்கேல் ஃபாரடே விளக்கம் தந்தார். சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக் மலைக்கணவாயில் ஆய்வு நடத்திய பவுடனும் ஹியூஸும், உராய்வின் வெப்பமே பனிக்கட்டியை உருக்கி அந்த நீரை உண்டாக்குகிறது என்று 1939-இல் காட்டினார்கள். ஸ்கீ வழுக்கிச் செல்வது இந்த நீரின் தயவால். வண்டி நின்றதும் அதே நீர் உறைந்து ஸ்கீயைப் பிடித்துக்கொள்கிறது. ஓட்டத்தைத் தந்ததே ஓட்டத்தைப் பறிக்கிறது! சக்கரம் சறுக்குவதில்லை, அதனால் இந்தத் தொல்லையிலிருந்து அது தப்பிவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் சக்கரக் குடிலை அப்படியே நிறுத்தி வைக்க முடியாது; தரைக்கும் பனிக்கட்டிக்கும் இடையே காற்று புகுந்து குடிலைக் குளிரடித்துவிடும். வின்ச்சைச் சுழற்றிச் சக்கரங்களை மேலேற்றி, சட்டத்தின் விளிம்பு பனிக்கட்டியில் படிய இறக்குகிறார்கள். பிறகு உள்ளே எரியும் கணப்பின் சூடு விளிம்போரத்தை உருக்க, வெளிக்குளிர் அதை உறைய வைக்க, சட்டம் ஏரியோடு ஒட்டிக்கொள்கிறது. ஒன்றைச் சிறைப்பிடிப்பது உராய்வில் பிறந்த நீர்; மற்றொன்றைச் சிறைப்பிடிப்பது கணப்பில் பிறந்த நீர்.

இறக்குவதுகூட இரண்டுக்கும் பொதுவான சடங்குதான். ஸ்மிட்டி ஸ்லெட் கூடாரத்தைப் பனிச்சகதிக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறது. பயணத்தில் அது பெரும் நன்மை. மீன்பிடிக்கும் நேரத்திலோ அந்த உயரமே பகை, ஏனெனில் கூடாரத் துணிக்குக் கீழே காற்று நுழைகிறது. பலர் கூடாரத்தை ஸ்லெட்டிலிருந்து கீழே இறக்கி வைத்துவிடுகிறார்கள். சக்கரக் குடிலில் வின்ச் செய்யும் வேலையை இங்கே கைகள் செய்கின்றன. குடில் வீடாக வேண்டுமானால், வண்டியாக இருந்ததை அது விட்டாக வேண்டும்.

உறைதலுக்கு இருசாராரும் கண்ட பரிகாரம் ஒரே பொருள்: மரத்துண்டு. ஸ்லெட்டை நிறுத்தி வைப்பவர் ஸ்கீக்கு அடியில் இரண்டு ரீப்பர்களைச் செருகுகிறார். சக்கரக் குடிலை இறக்குபவர் மூலைகளுக்கு அடியில் தடித்த கட்டைகளை வைக்கிறார். மறந்தவர்களுக்குக் கடப்பாரையும் ஜாக்கியும்தான் கதி.

பாரமும் நிற்கும்போதுதான் சோதிக்கிறது. ஓடும் பாரத்தைத் தாங்கிய பனிக்கட்டி, நிலைத்து நிற்கும் பாரத்தின் கீழ் மணிக்கணக்கில் மெல்லத் தாழும். நிறுத்திய வண்டியின் அருகே துளையிட்டு வைத்து, அதில் நீர் பொங்கி வழிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது இயற்கை வளத் துறை. வழிந்தால் வண்டியை நகர்த்த வேண்டும். டன் கணக்கில் எடையுள்ள குடிலுக்கு இது பெரும் எச்சரிக்கை. இலேசான ஸ்லெட்டுக்கும் இதே பாடம் சிறிய அளவில் வந்து சேர்கிறது: வெண்பனியின் சுமையால் தாழ்ந்த இடங்களில் துளை வழியே ஏறிய நீர், மேலுள்ள வெண்பனியின் போர்வையில் உறையாமல் சகதியாகக் காத்திருக்கும்.

ஒன்றுக்குள் மற்றொன்று ஒளிந்திருப்பதை நினைத்தால்தான் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. படகுத்துறையின் சரளைக் கற்களில் ஸ்கீயின் அடி கிழிந்துபோகிறது என்று, ஸ்மிட்டி ஸ்லெட்டுக்கு மடக்குச் சக்கரம் பூட்டுபவர்கள் உண்டு. ஏரி வரைக்கும் அது வருவதே ஒரு டிரக்கின் முதுகில்தான். சக்கரக் குடிலோ ஏரிக்குப் போனதும் சக்கரத்தை மடக்கிவிட்டு, சட்டத்தின் விளிம்பில் அமர்கிறது; அந்த விளிம்பு, அமர்ந்துவிட்ட ஒரு சறுக்குக்கட்டைதான். சாலையில் ஸ்கீக்குச் சக்கரம் வேண்டும். பனிக்கட்டியில் சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை வேண்டும்.

எனவே எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எதை முதலில் செய்வது என்று கேட்கலாம். என் தீர்ப்பு ஸ்மிட்டி ஸ்லெட்டுக்கே. செலவு குறைவு, பனிக்கட்டி மெலிந்திருக்கும் நாட்களிலும் கைகொடுக்கும், பிழையாகச் செய்திருந்தால் பிரித்துத் திரும்பப் பூட்டலாம். குழந்தைகளோடு இரவு தங்கி மீன்பிடிக்க விரும்புபவர் சக்கரத்துக்குப் போகட்டும். ஆனால் அறையின் அலங்காரத்தைத் திட்டமிடும் முன் மொத்த எடைக்கு ஒரு வரம்பு எழுதிவைத்துக்கொள்ளட்டும். மினசோட்டாவின் உள்நாட்டு ஏரிகளில், தென்பகுதியில் மார்ச் மாத முதல் திங்கட்கிழமை இரவுக்குள்ளும் வடபகுதியில் மூன்றாம் திங்கட்கிழமை இரவுக்குள்ளும் குடில்களை அகற்றிவிட வேண்டும். அடியில் வைத்த மரத்துண்டுகளையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். ஏரியில் விட்டுவைத்தவை கோடையில் மிதந்து வந்து படகுகளில் மோதுகின்றன.