ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணில் காவலும் நீதியும்



போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் தொழிலாளரை நாள்தோறும் காண்கிறோம். அவ்வாறே பிழைப்புத் தேடிச் சென்ற நூற்றாண்டில் தமிழர் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ‘கெம்பெய்தாய்’ எனும் இராணுவக் காவற்படையின் பிடியில் மக்கள் சிக்கினர்.

பிறர் மண்ணைக் கைப்பற்றியவர் அங்குப் பொது அமைதியைக் காக்க வேண்டும்; இயன்றவரை அந்நாட்டுச் சட்டங்களை மதிக்க வேண்டும்; தனிமனிதர் செயலுக்காக ஊரையே தண்டிக்கலாகாது என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் அப்போதே கூறியிருந்தன. நடந்ததோ வேறு. 1943 செப்டம்பர் இறுதியில் நேசநாட்டுக் கமாண்டோக்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்த்தனர். கெம்பெய்தாயோ உள்ளூரார் மீதும் சிறையிலிருந்த குடிமக்கள் மீதும் ஐயம் கொண்டது. அக்டோபர் 10 முதல் 57 பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. தகர்ப்பில் அவர்களுக்கு எப்பங்கும் இல்லை. எனினும் 15 பேர் மாண்டனர். 1946இல் போர்க்குற்ற நீதிமன்றம் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தது. குற்றம் சாட்டப்பட்டோருள் விசாரணைக்குத் துணைநின்ற மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தனர்.

1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை கூட்டுத் தண்டனையையும் சித்திரவதையையும் வெளிப்படையாகத் தடுத்தது. மனச்சாட்சியின் பொருட்டுப் பணியிலிருந்து விலகும் அரசு அலுவலரைத் தண்டிக்கலாகாது என்றும் அது விதித்தது.

இவ்வறம் நமக்குப் புதிதன்று. ஷாம் தேசம் முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்த காலத்தில், வரி தராத குடியானவர்கள் சிலர் வெயிலில் நிறுத்தப்பட்டிருந்ததை ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) கண்டார்கள். மக்களை இவ்வுலகில் வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்னும் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை ஆளுநரிடம் எடுத்துரைத்தார்கள். உடனே அம்மக்கள் விடுவிக்கப்பட்டனர். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

வதைக்கப்பட்டோர் முஸ்லிம்களா எனக் கேட்டு அந்த நபித்தோழர் பேசவில்லை. வதைத்தோர் தம்மவர் என்பதற்காக வாய்மூடி நிற்கவுமில்லை. பிறர் நம்மை நசுக்கும்போது மட்டும் நீதி கேட்பது எளிது. நம் கையில் அதிகாரம் இருக்கையில் அந்நீதியை நிலைநாட்டுவதே ஈமானின் சோதனை. ஒருவர் பாவத்தை மற்றவர் சுமக்கமாட்டார் என்னும் குர்ஆனின் போதனையை (6:164) நம் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கற்பிப்போம். ஒரு பிள்ளையின் குறும்புக்காக வகுப்பையே வெயிலில் நிறுத்தும் ஆசிரியருக்கும், என்னையும் சேர்த்து, இதில் பாடம் உண்டு.

அல்லாஹ் நம்மை நீதியின் மீது நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.