மந்தகதியும் வலிமையும்: போக்கிமான் போர்களில் ஸ்னோர்லாக்ஸ்

1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி யப்பானில், கேம் போய் என்னுங் கையடக்கப் பொறிக்கென வெளியிடப்பட்ட போக்கிமான் விளையாட்டிலே 151 கற்பனைப் பிராணிகள் இடம்பெற்றன. ஆடுவோர் அவற்றைப் பிடித்து வளர்ப்பதோடமையாது, இரு பொறிகளை ஒரு கம்பியால் இணைத்துத் தத்தம் பிராணிகளை மோதவிடவுங் கூடியதாயிருந்தது. அவற்றுள் 143ஆம் இலக்கத்துக்குரியது ஸ்னோர்லாக்ஸ். யப்பானியர் அதனைக் கபிகோன் என்பர். 460 கிலோகிராம் நிறையுடைய இப்பிராணி கதையினுள்ளே போர்வீரனாகவன்றி வழித்தடையாகவே முதலில் அறிமுகமாகின்றது. பாதையை அடைத்து உறங்கிக்கிடக்கும் அதனைக் குழலூதி எழுப்பினாலன்றி எவரும் அப்பாற் செல்லவியலாது.

இத்தகைய சோம்பேறிப் பிராணி நான்காண்டுகளுக்குள் போட்டிக் களத்தின் முதன்மை நிலையை எய்தியது எவ்வாறு என்பது ஆராயத்தக்கதொரு வினாவாகும். அதன் உடலமைப்பு மாறியமையே காரணமெனக் கூறுவதற்கு அதிக ஆதாரமில்லை. உயிர்ப்புள்ளி 160, தாக்குவலு 110, காப்புவலு 65, வேகம் 30 என்று 1996இல் வகுக்கப்பட்ட அடிப்படை எண்கள் பின்னரும் அவ்வாறே நிலைத்தன. மாறியவை பெரும்பாலும் போரின் விதிகளே. வேகத்துக்கும் பொறுமைக்கும் அவ்விதிகள் எவ்வளவு விலை கொடுத்தன என்பதிலேயே ஸ்னோர்லாக்ஸின் ஏற்றத்தாழ்வு தங்கியிருந்தது.

முதற்பதிப்பின் விதிகள் விரைவோர் பக்கஞ் சார்ந்தவை. ஒவ்வொரு சுற்றிலும் வேகங் கூடிய பிராணி முந்திக்கொள்வது இயல்பே. ஆனால், காப்பைப் பெருக்கிக்கொண்ட பயனைப் புறக்கணித்துப் பேரிழப்பை விளைக்கும் உக்கிரத் தாக்கு நிகழும் வாய்ப்பும் அன்று வேகத்தைக் கொண்டே கணிக்கப்பட்டது. அடிப்படை வேகம் 120 உடைய அலக்கசாமுக்கு அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 23. ஸ்னோர்லாக்ஸுக்கு ஏறத்தாழ 6. விரைவுக்கு ஒரே வேளையில் இரட்டைக் கூலி வழங்கிய இவ்விதியை நடுநிலையானதென்று கொள்ளல் அரிது.

அவ்வாறிருந்தும் ஸ்னோர்லாக்ஸ் அக்காலத்திலேயே முன்னணிப் பிராணிகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. நூறாம் நிலையில் 523 வரை உயரக்கூடிய உயிர்ப்புள்ளி ஒரு காரணம். மற்றையது நுட்பமானது. தன் உடலாற் பகைவர்மீது விழும் அதன் தாக்குதல், பத்துக்கு மூன்று வீதம், எதிரியை முடக்கும் இயல்புடையது. முடக்கப்பட்ட பிராணியின் வேகம் நாலிலொன்றாகும். நூறாம் நிலையில் 338 ஆக இருக்கும் அலக்கசாமின் வேகம் அப்போது 84க்கு இறங்கும். ஸ்னோர்லாக்ஸின் வேகமோ 158. தான் விரையவியலாத பிராணி பிறரைத் தன்னிலுந் தாழ்ந்த கதிக்கு இழுத்துவிடுகின்றது. மந்தமான பிராணிகளின் உபாயங்கள் யாவற்றுக்கும் இதனையே வித்தென்று சொல்லலாம்.

1999ஆம் ஆண்டு நவெம்பர் 21ஆந் திகதி வெளிவந்த தங்கம், வெள்ளி ஆகிய பதிப்புக்கள் நிலைமையைத் தலைகீழாக்கின. உக்கிரத் தாக்குக்கும் வேகத்துக்குமிருந்த தொடர்பு அறுக்கப்பட்டு, எல்லாப் பிராணிகட்கும் ஏறத்தாழப் பதினைந்தில் ஒன்றென்ற பொதுவாய்ப்பு விதிக்கப்பட்டது. முன்னர் ஒன்றாயிருந்த சிறப்புவலு தாக்கு, காப்பு என இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, ஸ்னோர்லாக்ஸின் சிறப்புக்காப்பு 65இலிருந்து 110 ஆயிற்று. எண்களில் நேர்ந்த குறிப்பிடத்தக்க மாற்றம் இஃதொன்றே. பிராணிகள் பொருள்களைச் சுமந்து போரிடும் வழக்கமும் அப்போதே தோன்றியது. மிச்ச உணவு என்னும் பொருளை ஏந்திய பிராணி ஒவ்வொரு சுற்றின் முடிவிலுந் தன் முழு உயிர்ப்புள்ளியிற் பதினாறிலொரு பங்கை மீளப்பெறும். 523இல் அது 32 ஆகும். சுற்றுக்கள் பெருகப் பெருக அதன் பயன் பெருகுமாதலால், அவசரமற்ற பிராணிக்கே அது பெருந்துணையாயிற்று.

இவை யாவற்றிலும் முக்கியமானது சாபம் எனப் பொருள்படும் புதிய செயலாகும். பேயினப் பிராணி அதனைக் கையாண்டால் தன் உயிரிற் பாதியை ஈந்து எதிரியைச் சபிக்கும். ஏனையவை கையாண்டாலோ தாக்குவலுவுங் காப்புவலுவும் ஒருபடி உயர, வேகம் ஒருபடி தாழும். ஒரு பெயருக்கு இரு வேறு பயன்கள் ஏன் என்று மொழிபெயர்ப்பில் ஆடியோர் வியந்திருக்கக்கூடும். யப்பானிய மொழியில் ‘நொரோய்’ என்ற சொல் சாபத்தையும் மந்தத்தையும் ஒருங்கே குறிக்குமாதலின், இஃதோர் சிலேடை. மூலமொழியறியாதார் இழக்கும் நயங்களுள் இதனையுஞ் சேர்க்கலாம்.

ஸ்னோர்லாக்ஸுக்குச் சாபம் வரமாகவே அமைந்தது. ஏற்கெனவே கடைநிலையிலுள்ள வேகத்தை மேலும் இழப்பதால் அதற்கு நட்டமில்லை. 65 என்ற தாழ்ந்த காப்புவலுவோ படிப்படியாக நான்கு மடங்கு வரை உயரும். சிறப்புக்காப்பு இயல்பிலேயே வலிதாகையால் இரு வாயில்களும் அடைபட்டுவிடுகின்றன. காயம் மிகுந்தால் ஓய்வு என்னுஞ் செயலால் இரு சுற்றுக்கள் உறங்கி உயிர்ப்புள்ளி முழுவதையும் மீட்கலாம். உறக்கத்திலேயே பிற செயல்களிலொன்றைத் தற்செயலாக இயக்கும் உபாயமும் அப்பதிப்பிற் புதிதாகச் சேர்ந்திருந்தது. கதையில் வழிமறித்து உறங்கிய பிராணி களத்திலும் உறங்கியவாறே போரிட்டது.

இதன்பின் ஓர் அணியை அமைப்போர் ஸ்னோர்லாக்ஸைச் சேர்க்கவேண்டியவராயினர். அன்றேல் அதனை எதிர்க்கும் வழியைத் தேடவேண்டியவராயினர். பெரும்பாலோர் இரண்டையுஞ் செய்தனர். உருக்குச் சிறகுடைய ஸ்கார்மரி அதன் அடிகளைத் தாங்கிச் சூறாவளியெழுப்பி அதனைக் களத்தினின்று அகற்றும். அகன்ற பிராணி திரட்டிய வலிமையெல்லாம் அக்கணமே அற்றுப்போம். நிலத்திற் பரப்பிய முட்கள், அது மீண்டுங் களம்புகுகையில் உயிர்ப்புள்ளியில் எட்டிலொரு பங்கைப் பறிக்கும். க்ளோய்ஸ்டர் போன்றவை தம்மையே வெடித்தழித்து அதனையும் உடன்கொண்டு செல்ல முயன்றன. ஒன்றுக்கொன்று என்ற இப்பண்டமாற்றை இலாபமெனக் கொள்ளுமளவுக்கு ஸ்னோர்லாக்ஸின் மதிப்பு உயர்ந்திருந்தது. இருதரப்பிலும் அதுவே நின்றவிடத்துப் போர் மிக நீண்டது. சாபத்துக்கும் ஓய்வுக்கும் அடிப்படையிற் பத்துத் தடவைகளே உரியனவாதலால், எவருடைய தடவைகள் முதலில் தீருமென எண்ணிப்பார்த்து ஆடவேண்டியதாயிற்று. இதனைச் சலிப்பூட்டும் ஆட்டமென்று பழிப்போருளர். எந்தச் சுற்றில் உறங்கினால் எதிரி அதனைப் பயன்படுத்தவியலாது என்பதை முன்கூட்டியே கணிக்கவேண்டிய ஆட்டத்தைச் சோம்பலானதென்பது பொருந்தாது. அங்கே மந்தமாயிருந்தது பிராணியேயன்றி ஆடுவோனின் அறிவன்று.

2002ஆம் ஆண்டின் பதிப்புக்கள் இவ்வாட்சியைத் தளர்த்தின. அதுவரை ஒரு பிராணியின் எல்லா ஆற்றல்களையும் பயிற்சியால் உச்சத்துக்குக் கொண்டுவரலாம். அவ்வாண்டு முதல் பயிற்சிப் புள்ளிகள் மொத்தம் 510க்கு மேற்படலாகாதென வரையறுக்கப்பட்டது. இரண்டு ஆற்றல்களை நிறைத்தால் மூன்றாவதற்கு எஞ்சுவது சொற்பம். நெருப்பு, பனி ஆகியவற்றின் தாக்கைப் பாதியாக்குந் தடித்த கொழுப்பு என்னும் புதிய இயல்பு ஒருவாறு ஈடுசெய்ததாயினும், அனைத்துப் பக்கத்தாலும் அரண்பெற்ற பழைய ஸ்னோர்லாக்ஸ் மீளவில்லை.

2006ஆம் ஆண்டிலே ட்ரிக் ரூம் என்ற செயல் புகுத்தப்பட்டது. அது நிலைக்கும் ஐந்து சுற்றுக்களில், வேகங் குறைந்ததே முந்திச் செயற்படும். ஐந்தில் ஒன்று அதனை ஏற்படுத்துவதிலேயே கழியுமாகையால் தனிப்போரில் அதன் பயன் மட்டானது. இவ்விரு பிராணிகள் ஒருங்கே நிற்கும் இரட்டைப்போரில் ஒன்று களத்தைத் திரிக்க, மற்றையது தாக்கலாம். 2009 முதல் நடைபெற்ற உலகப் போட்டிகள் இரட்டைப்போரையே தழுவியமையால், மந்தமான பிராணிகட்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. 2017ஆம் ஆண்டுப் போட்டிகளில் ஸ்னோர்லாக்ஸ் மீண்டும் பலரது அணிகளில் இடம்பெற்றது. வயிற்றைப் பறையாக அறைந்து பாதி உயிரைக் கொடுத்துத் தாக்குவலுவை உச்சத்துக்கு உயர்த்தும். பெருந்தீனி இயல்பினால் உடனே ஒரு பழத்தையுண்டு இழந்த உயிரை மீட்கும். திரிந்த களத்தில் முந்தி அடிக்கும். முன்னர் நட்டமற்ற விலையாயிருந்த சாபத்தின் வேகக்குறைவு, இங்கே இலாபமாகவே மாறியது. விரைந்த பிராணிகளை உடையோர் அதே செயலை மீண்டும் இயக்கிக் களத்தை நேராக்க முயன்றனர். அதற்கு வழியற்றோர் தம் பிராணிகளைக் காப்புச் செயல்களின் பின்னே நிறுத்தி, எஞ்சிய சுற்றுக்கள் கழியுமட்டும் எண்ணிக் காத்திருந்தனர்.