லெமன் ஃப்ராஸ்ட்: ஒரு பல்லி நிறத்தின் கதை

இன்னைக்குப் பல்லிக் கதை. முகம் சுளிக்காதீங்க, இது நம்ம சுவர்ப் பல்லி இல்ல. இதால சுவர் ஏறவே முடியாது. விரல்ல ஒட்டுற பட்டை கிடையாது. ஆனா கண் இமை உண்டு, சிமிட்டும். கொழுப்பை வால்ல சேர்த்து வைக்கும். பேரு லெப்பர்ட் கெக்கோ.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலம்தான் இதோட சொந்த ஊர். 1854ல், கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளித் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் பாறை நடுவில் அதை மறைக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் இது செல்லப்பிராணியாச்சு. சின்னக் கண்ணாடித் தொட்டி, அடியில கொஞ்சம் சூடு, சாப்பிடப் பூச்சி. அவ்வளவுதான். தொட்டிக்குள்ள எதிரி இல்ல, மறைய வேண்டியதும் இல்ல. அதனால வித்தியாசமான நிறத்தோட பிறந்தது காட்டில் போல அழியல, விலை ஏறிச்சு.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர்னு மூன்று அல்பினோ வகைகள் தனித்தனியா வந்தன. ட்ரெம்பரையும் பெல்லையும் சேர்த்தா, குட்டிகள் சாதாரண நிறத்தில் பிறக்கும்! ஏன்னா ஒரே எரர் மெசேஜ், ஆனா பக் வேற வேற இடத்துல. ஒருத்தரோட பழுதை இன்னொருத்தரோட நல்ல பிரதி சரிபண்ணிடும்.

அடுத்து வந்தது லெமன் ஃப்ராஸ்ட். பனி படிந்த எலுமிச்சை மாதிரி பளிச்னு ஒரு நிறம். அப்பா, அம்மா யாராவது ஒருத்தர்கிட்டேருந்து ஒரு பிரதி கிடைச்சாலே போதும், நிறம் வந்துடும். எல்லாரும் ஆசைப்பட்டாங்க. கொஞ்ச நாள்ல அதே பல்லிகளோட தோலில் வெள்ளைக் கட்டிகள். 2021ல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காரணம் ஸ்பின்ட்1 என்ற மரபணு இருக்கும் பகுதியில்னு காட்டினாங்க. 80 சதவீதத்துக்கும் மேலான லெமன் ஃப்ராஸ்ட்களுக்குக் கட்டி வருது. ஒளியைத் திருப்பி அனுப்பி அந்தப் பளபளப்பைத் தர்ற செல்கள்தான் கட்டியாவும் பெருகுது. நிறம் மட்டும் வேணும், நோய் வேண்டாம்னு பிரிக்க முடியல.

மனிதர்களின் தோல் புற்றுநோயிலும் ஸ்பின்ட்1க்குத் தொடர்பு இருக்கு. அதனால இந்தப் பல்லி இப்போ ஆய்வுக்கு உதவுது. ஆனா வலி பல்லிக்குத்தானே?

அதனால அபூர்வ நிறம்னு எந்த விலங்கை யார் காட்டினாலும், விலை கேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: இந்த நிறத்தோட கூட வேற என்ன வருது?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.