கணினியில் தமிழ்த் தட்டச்சு

கணினியில் தமிழ்த் தட்டச்சு என்பது தமிழ் எழுத்துகளை விசைப்பலகை வழியாகக் கணினியிலும் பின்னர் கைப்பேசியிலும் உள்ளிடும் முறையைக் குறிக்கும். இன்று எளிதாகத் தோன்றும் இதைத் தமிழர் ஒரு தலைமுறைக்குள் இரண்டு, மூன்று முறை புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் கணினிக்கு வந்தவர்களில் பலர் தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள். அப்பொறியில் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்க வேண்டும். 'கெ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம். தமிழ்நாட்டில் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகளில் தேறுவது அரசுத் தட்டச்சர் பணிக்குத் தேவையாக இருந்ததால், கணினி வந்த பின்னும் அந்த அமைப்பு எளிதில் மறையவில்லை.

1990-களில் சிக்கல் விசைப்பலகையோடு நிற்கவில்லை. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டவை. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி இடங்களை ஒதுக்கினர். ஒரு எழுத்துருவில் எழுதிய மின்னஞ்சல், அதே எழுத்துரு இல்லாதவரின் திரையில் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தது. தமிழ் தெரிந்த இருவர் தமிழில் கடிதம் எழுதிக்கொள்ள முடியாத நிலை அது. இதைத் தீர்க்க இணையவழி உரையாடல்களின் பயனாக டிஸ்கி என்னும் குறியாக்கம் உருவானது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், ஆங்கில எழுத்துகளை ஒலிப்புக்கேற்ப அடித்தால் தமிழாக மாற்றிப் பரவலாகப் பயன்பட்டது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டை அடுத்து, தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்களுக்குரிய எழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்தன. இதன் நயம் தமிழ் இலக்கணத்தைப் பின்பற்றுவதில் உள்ளது. ககரத்தை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும்; 'அக்கா' என்பதற்கு அ, க, க, ஆ என நான்கு விசைகள் போதும். 'ங' அடித்து 'க' அடித்தாலும் 'ங்க' கிடைக்கும். சில நாள் பயிற்சியில் கைவரும் இம்முறையைப் பள்ளிகளில் முறையாகக் கற்பித்திருந்தால், தமிழ் எழுத ஆங்கில எழுத்துகளை நாடும் வழக்கம் இவ்வளவு வேரூன்றியிருக்காது. ஒலிப்பு முறைக்கு ஆங்கில எழுத்து தெரிந்திருக்க வேண்டும். ல, ள, ழ வேறுபாடும் அதில் எளிதில் குழம்பும்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகே சாதாரணப் பயனர் அதைத் திரையில் காண முடிந்தது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தராமல் 128 இடங்களுக்குள் தமிழை அடக்கியது குறை என்று பலர் வாதிட்டனர். 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது, டேஸ்16 என்ற அனைத்தெழுத்துக் குறியாக்கத்தை மாற்றுத் தரமாக அறிவித்தது இவ்வாதத்தின் விளைவே. நடைமுறையில் வென்றது ஒருங்குறிதான். இலவசமாகக் கிடைத்த எ-கலப்பை போன்ற மென்பொருள்களைக் கொண்டு வலைப்பதிவர்கள் எழுதத் தொடங்கினர். 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கியது.

பிறகு எழுதுகருவி கைப்பேசியானது. செல்லினம் போன்ற செயலிகள் வழியே தமிழ்99, ஒலிப்பு ஆகிய இரு முறைகளும் தொடுதிரைக்கு வந்தன. 2017-இல் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தபின், விசைப்பலகையைத் தொடாமலே வாட்சப்பில் தமிழில் எழுத வழி பிறந்தது.