கிட்டிக்குக் கடிதம்

ஒன்பதாம் வகுப்புல 'எனக்குப் பிடித்த நூல்'னு கட்டுரை எழுதச் சொன்னாங்க. நோட்ஸ்ல இருந்ததை அப்படியே எழுதி வெச்சேன். நான் மட்டுமில்ல, கிட்டத்தட்ட வகுப்பே அதைத்தான் எழுதுச்சு. நல்ல மார்க்கும் வந்தது. ஆனா அந்தப் புத்தகத்தை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை!

நிஜமாவே பிடிச்ச புத்தகம் ஒரு மாணவரை எழுத வெச்சா என்ன ஆகும்? இன்னிக்கு அந்தக் கதைதான்.

1942 ஜூன் 12, ஆம்ஸ்டர்டாம். ஆன் ஃபிராங்குக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். பரிசா ஒரு நாட்குறிப்பு வந்தது. அடுத்த மாதமே, நாஜிகளிடமிருந்து தப்பிக்க, அந்த யூதக் குடும்பம் மறைவிடத்துக்குப் போனது. அங்கே ஆன், கிட்டி என்ற தோழிக்குக் கடிதம் எழுதுவது போல நாட்குறிப்பை எழுதினாள்.

யார் இந்தக் கிட்டி? டச்சு எழுத்தாளர் சிஸ்ஸி வான் மார்க்ஸ்வெல்ட் எழுதிய பள்ளித் தோழிகள் கதைகள்னா ஆனுக்கு உயிர். கிட்டி அந்தக் கதைகளிலிருந்து வந்தவள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. முதலில் அந்தத் தோழிகள் பலருக்கும் எழுதினாள். கடைசியில் கிட்டி மட்டும் நின்றாள். வெளியே போய் யாரையும் பார்க்க முடியாத பொண்ணு, புத்தகத்திலிருந்து ஒரு தோழியை வரவழைச்சுக்கிட்டா.

அடுத்து சரயேவோ, 1992. ஸ்லாட்டா ஃபிலிபோவிச் என்ற பள்ளிச் சிறுமி, ஆன் செய்ததைப் பார்த்துத் தன் நாட்குறிப்புக்கு மிம்மி என்று பெயர் வைத்தாள். சில நாட்களிலேயே போர் வந்து, நகரம் முற்றுகைக்குள் சிக்கியது. பிறகு எல்லோரும் அவளை ஆனோடு ஒப்பிட்டார்கள். அவளுக்குப் பெருமையை விடப் பயம்தான் வந்தது. ஏன்னா, ஆன் 1945-ல் வதைமுகாமிலேயே இறந்துபோனவள். ஸ்லாட்டா 1993 கடைசியில் பாரீஸுக்குத் தப்பினாள்.

மூன்றாவது இடம், கலிபோர்னியாவின் லாங் பீச். 1994-ல் எரின் குருவெல் ஆங்கில ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த பள்ளி. அவருடைய மாணவர்களில் பலர் குழுச் சண்டைக்கும் துப்பாக்கிக்கும் நடுவே வளர்ந்தவர்கள். ஆன், ஸ்லாட்டா இருவரின் நாட்குறிப்புகளையும் அவர் படிக்கக் கொடுத்தார். தேதியும் நாடும் வேறு; வெளியே போகவே பயம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஸ்லாட்டாவை வரச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். 1996-ல் அவள் நேரில் வந்தாள்! தங்கள் வாழ்க்கையை அவர்களே எழுதிய நாட்குறிப்புகள் 1999-ல் புத்தகமாகின. பெயர்கள் இல்லை, வெறும் எண்கள்தான். 2007-ல் வந்த 'ஃப்ரீடம் ரைட்டர்ஸ்' படம் இவர்கள் கதைதான்.

இவங்க யாரும் 'இந்த நூலின் சிறப்புகள்'னு எழுதலை, கவனிச்சீங்களா? புத்தகத்துல ஒரு ஆளைக் கண்டுபிடிச்சாங்க. அந்த ஆள்கிட்ட தங்கள் கதையைச் சொன்னாங்க. என் ஒன்பதாம் வகுப்புக் கட்டுரையில இல்லாதது அதுதான். அது யாருக்கும் எழுதினதில்லை, மார்க்குக்கு எழுதினது.

இன்னிக்கு ராத்திரி, நீங்க படிச்சதுல மறக்கவே முடியாத ஒரு பாத்திரத்துக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதிப் பாருங்க. யார்கிட்டயும் காட்ட வேண்டாம். அடுத்த வாரம் சந்திப்போம்.